முதலில் ஊற்றிய அமிலம்

வடிகட்டாத கடல் நீரை வடிகட்டியதாக எழுதியவள் நான்தான்.

அந்த நோட்டுப் புத்தகத்தில் இருப்பது என் கையெழுத்து. அதை நம்பித்தான் புவனா அமெரிக்காவுக்குப் போனாள். அதனால்தான் அங்கே அவளுடைய ஆராய்ச்சிப் படிப்பு பாழாயிற்று. எனக்கு எல்லாம் தெரியும்… தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை!

இங்கேயே நிறுத்திவிட்டு, நான் ஒருத்திதான் பாவி என்று சொல்லிவிட்டால் உங்களுக்கும் வசதி, எனக்கும் வசதி. ஆனால் சொல்ல மாட்டேன். அவள் எனக்குச் செய்ததும் துரோகம்தான். இத்தனை வருடங்கள் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. முதலில் அதைக் கேளுங்கள். பிறகு என்னைக் காறித் துப்புங்கள், துடைத்துக்கொள்கிறேன்.

நான் கஸ்தூரி. சித்தூர் பக்கத்துக் குடிபாலாக்காரி. என் நைனா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கியவர். எங்கள் தெருவில் பத்தாவது தாண்டிய முதல் பெண் நான். புவனா நகரிக்காரி, விசைத்தறிக்காரர் மகள். தொண்ணூறுகளின் நடுவில் திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில், நிலவியல் துறையில், இரண்டு பேரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவிகளாகச் சேர்ந்தோம். துறை முழுக்கத் தெலுங்கு. நாங்கள் இரண்டு பேர் மட்டும் மூலையில் உட்கார்ந்து எங்கள் ஊர்த் தமிழில் வம்பளப்போம். ஒரே விடுதி அறை, ஒரே சோப்பு, ஒரே குடை. இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், யாரோ முன்பின் தெரியாதவள் என் முதுகில் குத்தவில்லை என்பதற்காக.

எங்கள் பாடம் அருமண் தனிமங்கள். பெயரைக் கேட்டு மிரளாதீர்கள்! லாந்தனத்தில் தொடங்கி லுட்டீஷியம் வரை, இயற்கையில் கிடைக்காத ஒன்றை விட்டால், பதினான்கு தனிமங்கள், அவ்வளவுதான். பாறையில் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. கடல் நீரில்தான் தேடித் தேடிப் பார்த்தாலும் துளிக்குள் துளியாக இருக்கும். ஆறு அவற்றைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. ஆற்று நீரில் மிதக்கும் நுண்துகள்கள் உப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, அருமண்ணில் பெரும்பகுதியைத் தம்மோடு இழுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். மிச்சம் இருப்பது மட்டும் நீரோடு கரைந்து போகும்.

பதினான்கும் பெரும்பாலும் ஒரே குணம், ஒன்று போகும் வழியில்தான் மற்றதும் போகும். சீரியம் ஒன்று மட்டும் வேறு மாதிரி. கடலில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் பட்டதும் அது தன் நிலை மாறி, கரைந்திருக்க முடியாமல், துகள்களில் ஒட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கிவிடும். அதனால் கடல் நீரை அளந்து வரைபடம் போட்டால் சீரியம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். உலகத்தில் எந்தக் கடலில் பார்த்தாலும் அநேகமாக அந்தப் பள்ளம் இருக்கும்.

புவனா அதற்கு வைத்த பெயர் ‘கட்சி மாறி’.

“பதினாலு பேரு ஒண்ணா நின்னு ஜெயிச்சாங்கடி. ஒருத்தன் மட்டும் அப்பால போய் சேத்துல குந்திக்கினான்!” என்பாள். எங்கள் மாநில அரசியலில் அப்போது நடந்துகொண்டிருந்த கூத்துக்கு அது அப்படியே பொருந்தும். நாங்கள் சிரிக்கிற சிரிப்பில் பேராசிரியர் அறையிலிருந்து மணி அடிப்பார்.

நீர் அவளுக்கு, சேறு எனக்கு. சுவர்ணமுகி ஆறு காளஹஸ்தியைத் தாண்டிக் கடலில் விழும் முகத்துவாரம்தான் எங்கள் களம். நீரிலிருந்து காணாமல் போவது சேற்றில் கிடைக்கிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பது, கட்டுரையில் இரண்டு பேர் பெயரும் போடுவது. இது எங்களுக்குள் பேச்சு. திருமலைக்கு ஏறும் அலிபிரி படிக்கட்டில் நின்று, மலையைப் பார்த்துச் செய்துகொண்ட பேச்சு!

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

ஆற்றில் தண்ணீர் ஓடுவதே ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால்தான். அந்த வருடம் நல்ல மழை. மறுநாள் விடியலில் கிளம்ப வேண்டும். முதல் நாள் மாலை புவனா போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

“எனுக்கு காய்ச்சலா கீதுடி. நீ மட்டும் போய்ட்டு வந்துடுறியா?”

“உன் தண்ணிக்கு நான் போவணுமா?” என்று சும்மா கடிந்துகொண்டேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு தெரியவில்லை. ஆனாலும் நம்பினேன். நான் நம்பாமல் வேறு யார் நம்புவது?

தனியாகவே போனேன். காளஹஸ்தி பஸ், நாயுடுபேட்டை பஸ், அங்கிருந்து மீனவர் குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ. படகுக்காரர் பெயர் கோட்டய்யா. முகத்துவாரத்திலிருந்து கடலுக்குள் போகப் போக, உப்பு ஏற ஏற, ஒன்பது இடங்களில் நீர் எடுத்தோம். கரைக்கு வரும்போது மதியம் சாய்ந்துவிட்டது.

எங்கள் வேலையில் ஒரு வரிசை உண்டு. முதலில் வடிகட்டு, பிறகு ஆசிட் ஊற்று. கண்ணுக்குத் தெரியாத துகளைக்கூட விடாத மெல்லிய வடிதாள் வழியாகக் கைப்பம்பால் நீரை இழுத்து, துகளைப் பிரித்துவிட்டு, அதன் பிறகே ஆசிட் சேர்க்க வேண்டும். ஆசிட் இல்லாவிட்டால் தனிமங்கள் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வரிசையை மாற்றி ஆசிட்டை முதலில் ஊற்றினாலோ, துகளில் ஒட்டியிருந்ததெல்லாம் கழன்று நீரில் கலந்துவிடும். அப்புறம் எவ்வளவு வடிகட்டினாலும் பயன் இல்லை. கட்சி மாறியவன் கட்சியிலேயே இருந்ததாகக் கணக்கு வரும்!

முதல் பாட்டிலை வடிகட்டவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. மழை வெள்ளத்தின் வண்டல், வடிதாள் அடைத்துக்கொண்டே இருந்தது. பம்பை அமுக்கி அமுக்கி என் கட்டைவிரல் வீங்கிவிட்டது. இரண்டு பேர் இருந்தால் மாற்றி மாற்றிச் செய்வோம்… அன்றைக்கு ஒருத்திதான். இன்னும் எட்டு பாட்டில்கள். நாயுடுபேட்டைக்குக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. தெரிந்தவர் யாரும் இல்லாத குப்பத்தில் நான் எங்கே தங்குவது?

“தொந்தரகா ரண்டம்மா!” என்று கோட்டய்யா சாலையிலிருந்து கத்தினார். பஸ் வந்துவிட்டது, சீக்கிரம் வா என்கிறார்.

எட்டு பாட்டிலிலும் ஆசிட்டை ஊற்றினேன். மூடினேன். ஓடினேன். வடிகட்டிய அந்த ஒரு பாட்டிலும் ஓட்டத்தில் மூடி சரியாக மூடாமல் பைக்குள் சிந்திப்போயிற்று. அதற்குப் பதிலாக, மிச்சம் வைத்திருந்த கலங்கல் நீரில் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஆசிட் ஊற்றினேன். ஆக ஒன்பதும் ஒரே கதி. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றையும் வடிகட்டினேன், ஒப்புக்கு.

பஸ்ஸிலேயே நோட்டைத் திறந்து எழுதினேன். ‘வடிகட்டியது. பிறகு அமிலமிட்டது.’ ஒன்பது முறை எழுதினேன்.

ஏன் எழுதினாய் என்கிறீர்களா? பேராசிரியர் பார்ப்பாரே என்ற பயம். புவனாவிடம் வாயால் சொல்லிவிடலாம், அடுத்த மழைக்கு மறுபடி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். காய்ச்சல்காரிக்கு வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று குப்பத்தில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் முழுக்க எல்லோரும் மூக்கைப் பிடிக்க, அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

விடுதி அறையில் கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது.

பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்தாள். “புவனாவா? மெட்ராஸ் போயிருக்காளே, அமெரிக்கா போறதுக்குப் பரீட்சை எழுத! உனக்குத் தெரியாதா?”

உனக்குத் தெரியாதா… இந்த ஒரு கேள்வி போதாதா ஒருத்தி செத்துப்போவதற்கு!

அந்தக் காலத்தில் எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். பெங்களூருக்கு, சிங்கப்பூருக்கு, அமெரிக்காவுக்கு. திருப்பதியில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர். போகிறவள் போகட்டும், நான் தடுத்தேனா? ‘கஸ்தூரி, நான் பரீட்சை எழுதப் போறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே பை தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் போயிருப்பேனே! ஏன் மறைத்தாள்? நானும் எழுதுகிறேன் என்பேன் என்று பயந்தாளா? பொறாமைப்படுவேன் என்று நினைத்தாளா? பட்டிருப்பேன்தான். ஆனாலும் பை தூக்கியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து வந்தாள். “ஊருக்குப் போய்ட்டேன்டி, அம்மா ரசம் வெச்சுக் குடுத்துது, காய்ச்சல் வுட்டுப்போச்சு” என்று கூசாமல் சொன்னாள். “தண்ணி எடுத்தியா? எல்லாம் சரியாப் பண்ணியா?” என்றும் கேட்டாள்.

“எல்லாம் பண்ணிட்டேன்” என்றேன்.

கருவாட்டை ஏற்கெனவே குப்பையில் போட்டிருந்தேன்.

நீரை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. வெளியூருக்கு அனுப்பினோம், முடிவு வர மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் முதலில் சொல்லட்டும், பிறகு நான் சொல்கிறேன் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவே இல்லை.

முடிவு வந்த அன்று அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். “அடியே! கடல் பக்கம் போனாலும் சீரியத்துல பள்ளமே இல்லடி! நம்ம ஆத்துல கட்சி மாறி கட்சி மாறலடி!” பதினான்கின் அளவும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. மழை வெள்ளம் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது என்று அவளே காரணமும் கண்டுபிடித்துவிட்டாள். பேராசிரியர்கூட மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

உண்மை எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அப்போதுகூட வந்தது!

அந்த வாரமே அவள் மேசையில் ஒரு தாளைப் பார்த்தேன். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப, கண்டுபிடிப்பைச் சுருக்கி ஆங்கிலத்தில் எழுதி அச்செடுத்திருந்தாள். தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர், அவள் பெயர். கடைசி வரியில் ‘களப்பணியில் உதவிய தோழிக்கு நன்றி’ என்று இருந்தது.

தோழி! பெயர்கூட இல்லை! வீங்கிய என் கட்டைவிரலுக்கு அந்தத் தாளில் அவ்வளவுதான் இடம். என் சேற்றைப் பற்றி ஒரு வரி, அதையும் அவளே தோண்டியது போல எழுதியிருந்தாள்.

அந்த இடத்தில்தான், கேளுங்கள், அந்த இடத்தில்தான் என் தவறு குற்றமாக மாறியது. அதுவரைக்கும் சொல்லப் பயந்தவள், அதன் பிறகு சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். போடீ போ… நன்றாக மூட்டை கட்டிக்கொண்டு போ! உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கே போய் அவிழ்த்துப் பார்!

திருப்பதி ரயில் நிலையத்தில் வழியனுப்பினேன். அவள் அப்பா, அம்மா, தறிக்காரச் சொந்தங்கள் எல்லோரும் மாலையோடு வந்திருந்தார்கள். எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டு, “நீ இல்லன்னா இது இல்லடி” என்று அழுதாள். உண்மைதான். நான் கையசைத்தேன். வண்டி நகர்ந்த பிறகும் அசைத்துக்கொண்டே இருந்தேன்.

சொல்லுங்கள், உங்களுக்கு அப்படி ஒரு நொடி வாய்த்திருந்தால் ஜன்னல் பக்கமாக ஓடியிருப்பீர்களா?

நான் ஆராய்ச்சியைத் தட்டுத் தடுமாறி முடித்து, சித்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்டேன். புவனாவின் கடிதங்கள் வந்தன. பிறகு ஈமெயில் வந்தது. ஒரு நாள் மதியம் காந்தி சிலைக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில், விசிறிக் காற்றுகூட இல்லாத மரத்தடுப்புக்குள் உட்கார்ந்து இதைப் படித்தேன். அவளுடைய அமெரிக்கப் பேராசிரியர் அந்த ஒன்பது பாட்டிலை நம்பி ஒரு திட்டமே போட்டிருக்கிறார். இரண்டு மழைக் காலங்களில் வேறு இரண்டு முகத்துவாரங்களுக்குப் போயிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் கடலை நெருங்க நெருங்கச் சீரியத்தில் பள்ளம். அவளுடையதில் மட்டும்தான் இல்லை. ‘வடிகட்டினாயா என்று கேட்கிறார்கள். என் கையாலேயே வடிகட்டினேன் என்று சொல்லிவிட்டேன்’ என்று எழுதியிருந்தாள்.

என் கையாலேயே! அன்றைக்குக் களத்துக்கே போகாததை மறைக்க அவள் சொன்ன பொய், என் பொய்யின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நான் பதில் எழுதினேன். ‘மழை அதிகமாக இருந்த வருடம் அல்லவா, அதனால் இருக்கலாம்.’ எழுதிவிட்டு வெளியே வந்து கரும்பு ஜூஸ் குடித்தேன். குடிக்க முடிந்தது.

அடுத்த வருடம் அவளை ஆராய்ச்சியிலிருந்து விலக்கிவிட்டார்கள். பொய் சொன்னாள் என்று யாரும் சொல்லவில்லை. கவனக்குறைவு என்று மட்டும் சொன்னார்களாம். ஊர் திரும்ப வெட்கப்பட்டு, அங்கேயே ஒரு மென்பொருள் நிறுவனத்தில், அடுத்தவர் எழுதிய நிரலில் தவறு தேடும் வேலைக்குப் போனாள். நகரியில் அவள் அப்பா, மகள் கம்ப்யூட்டரில் இருக்கிறாள் என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு மட்டும்தான் அது தோல்வி என்று தெரியும். அவளுக்கும் எனக்கும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் உண்மையில் நான் ஒப்புக்கொள்ள வந்தது. இதுவரை சொன்னதெல்லாம் இதற்கு முன்கதை.

சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு நகரி வந்தவள், சித்தூரில் என் வீட்டுக்கு வந்தாள். பல வருடங்கள் கழித்து. காதோரம் நரைத்திருந்தது. செருப்பைக் கழற்றும்போதே, “இன்னாடி பண்ணி வெச்சிருக்க துன்றதுக்கு?” என்றாள். அடை வார்த்துப் போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

“கஸ்தூரி, அன்னிக்கு எனுக்கு காய்ச்சல் இல்லடி. பரீட்சை எழுதப் போனேன். உன்கிட்ட மறைச்சேன். உன் பேரையும் எடுத்துட்டேன். ரெண்டு பேரு இருந்தா எனுக்கு சீட்டு கிடைக்காதோன்னு பயம்… நான்தான்டி கட்சி மாறி! அதுக்குத்தான் சாமி என்னை இப்படி வெச்சிருக்கு. நீ என்னை மன்னிக்கணும்.”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். எச்சில் கையாலேயே பிடித்துக்கொண்டாள்.

இத்தனை வருடங்கள் நான் கேட்க ஏங்கிய சொற்கள்! அவள் முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்தேனே, இதோ, சொல்லிவிட்டாள். இனி என் முறை. வாயைத் திறந்தேன்…

“அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்டி. எழுந்து கை கழுவு” என்றேன்.

மன்னித்தேன்! நான் அவளை மன்னித்தேன்! பெருந்தன்மையாக, தலையைத் தடவி… அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? துரோகம் செய்யப்பட்டவளாகவே இருந்துவிடுவது அவ்வளவு சுகம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கை கழுவிவிட்டு வந்தவள், துண்டால் முகத்தைத் துடைத்தபடி, ஏதோ உப்பு போட்டாயா என்பது போலக் கேட்டாள். “நீ வடிகட்டிட்டுத்தானே ஆசிட் ஊத்தின?”

“ஆமா.”

“அதான பார்த்தேன். நீ தப்பு பண்ண மாட்ட” என்றாள். அடையை முழுவதும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

முதல் பொய்க்கு பஸ் காரணம். இரண்டாவதற்கு அந்தத் தாள் காரணம். இந்த மூன்றாவதற்கு? யாரைச் சொல்வேன்? அன்று என் வீட்டில் நானும் அவளும் மட்டும்தான் இருந்தோம், அவள் என்னிடம் எதையும் மறைத்திருக்கவில்லை.

போன வாரம் அவளிடமிருந்து ஈமெயில் வந்தது. வேலையை விட்டுவிட்டாளாம். இந்த வயதில் மறுபடி ஆராய்ச்சிக்குப் போகிறாளாம். ஒரு பேராசிரியர் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், ஒரே நிபந்தனையோடு. பழைய முடிவு சரி என்று அதே முகத்துவாரத்தில், அதே மழையில், மறுபடி நிரூபிக்க வேண்டும். ‘இந்தக் கார்த்திகைக்கு வருகிறேன். புது ஃபில்டர் பெட்டி பெட்டியாகக் கொண்டு வருகிறேன். இந்த முறை உன் பெயர்தான் முதலில். அந்தப் பழைய நோட்டை எடுத்து வை.’

எடுத்து வைத்திருக்கிறேன். மேசைமேல்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு மூலையில் இன்னும் ஆசிட் பட்ட மஞ்சள் கறை. பதில் எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். நான்காவது முறை எழுதி அனுப்பியது ஒரே ஒரு வார்த்தை. ‘வா.’

உங்களிடம் சொல்ல முடிகிறது, பாருங்கள். உங்களை எனக்குத் தெரியாது.

அவள் வருவாள். இரண்டு பேரும் படகில் போவோம். முதலில் வடிகட்டுவோம், பிறகு ஆசிட் ஊற்றுவோம். முடிவு வரும், சீரியத்தில் பள்ளம் இருக்கும். அப்போது அவள் என்ன சொல்வாள் என்பதுகூட எனக்கு இப்போதே தெரியும். ஆறு மாறிவிட்டது என்பாள். மணல் அள்ளிவிட்டார்கள், மழை மாறிவிட்டது, கடலே மாறிவிட்டது என்பாள். அந்தக் கடலையே சந்தேகப்படுவாள் புவனா… என்னைச் சந்தேகப்பட மாட்டாள்.